தெரியாதவர்களின் அதிர்ஷ்டம்

நான்கு நண்பர்கள் ஆளுக்கு 25,000 பவுண்டு போட்டுச் சேர்த்த 1,00,000 பவுண்டோடு எடி என்ற இளைஞன் ஒரு குத்துச்சண்டைக் கூடத்துக்குள் சீட்டாடப் போகிறான். எதிரே உட்கார்ந்திருப்பவன் 'ஹாட்செட்' ஹாரி. கடன் கொடுப்பவன், ஆபாசப் பொருள் வியாபாரி, அந்த வட்டாரமே அஞ்சும் ஆள். ஆட்டம் மூன்று சீட்டு 'பிராக்'. நம் ஊரில் தீபாவளி இரவுகளில் ஆடப்படும் மூணு சீட்டுக்கு மிக நெருங்கிய உறவு. ஆட்டம் முடிந்து எழும்போது எடி 5,00,000 பவுண்டு கடனாளி. திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் கெடு. தவறினால் நண்பர்களின் விரல்கள் ஒவ்வொன்றாகப் போகும், எடியின் அப்பா நடத்தும் மதுக்கூடமும் போகும்.

1998 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' படத்தின் முதல் பெரிய திருப்பம் இது. கை ரிச்சி எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம், மாத்யூ வானின் தயாரிப்பு. செலவு ஏறத்தாழ 9,60,000 பவுண்டு, அதாவது அன்றைய ஒரு ஹாலிவுட் படத்தின் விளம்பரத்துக்குக்கூடப் போதாத தொகை. ஏழெட்டுக் கும்பல்களின் கதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் குற்ற நகைச்சுவை. 'டாரன்டினோவின் ஆங்கிலேய நகல்' என்று சொல்லிக் கடந்துபோனவர்கள் பலர். அதிர்ஷ்டம் எப்படி இயங்குகிறது, யாருக்கு இயங்குகிறது என்பதைப் பற்றி இவ்வளவு கறாராக யோசித்த நகைச்சுவைப் படங்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

சீட்டு மேசையிலிருந்தே தொடங்கலாம். 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அவற்றில் மூன்றும் ஒரே எண்ணாக விழுவது 52 தான். ஜோடி விழுவது 3,744. எதிலும் சேராத வெறும் சீட்டாக விழுவது 16,440. நான்கு தடவை சீட்டு எடுத்தால் மூன்று தடவை கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் சீட்டைவிட முகத்துக்கு மதிப்பு அதிகம். வெறும் கையை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுபவனின் கண்ணையும் விரலையும் படிக்கத் தெரிந்தவன் பிழைப்பான். எடிக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று படம் முன்பே சொல்லிவிடுகிறது. அவன் முட்டாள்தனமாக ஆட வரவில்லை, கணக்குப் போட்டுத்தான் வருகிறான்.

ஆனால் ஹாரியின் அடியாள் பாரி, மறைத்துவைத்த கேமரா வழியாக எடியின் சீட்டைப் பார்த்து ஹாரிக்கு ரகசியமாகச் சைகை அனுப்பிக்கொண்டிருக்கிறான். எதிரியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு ஊகம் தேவையில்லை. ஊகம் இல்லாத முகத்தில் படிப்பதற்கும் ஒன்றும் இல்லை. எடியின் பணம் தீர்ந்து ஆட்டம் நிற்கப்போகும் நேரத்தில் ஹாரியே கடன் தர முன்வருகிறான். வெல்வோம் என்று உறுதியாகத் தெரிந்தவன் மட்டுமே கொடுக்கத் துணியும் கடன் அது. படத்தில் எடி நிலைகுலைந்து வெளியே வந்து வாந்தியெடுக்கும் காட்சியைக் காணும் எவரும் 'பாவம், அவனுக்கு நேரம் சரியில்லை' என்றுதான் சொல்வார்கள். படம் முழுவதிலும் அதிர்ஷ்டத்துக்கு இம்மியளவும் இடமில்லாத ஒரே நிகழ்ச்சி அதுதான்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தலைகீழ். மனிதர்கள் திட்டம் போடுகிறார்கள், தற்செயல் அதைக் கலைத்து வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. எடியின் வீட்டுச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் இருக்கும் டாக் என்பவனின் கொள்ளைக் கும்பல், கஞ்சா வளர்க்கும் சில படித்த இளைஞர்களைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுவது அலமாரி வழியாக இவர்கள் காதில் விழுகிறது. கொள்ளையடித்து வருபவர்களைக் கொள்ளையடித்தால் கடனை அடைத்துவிடலாம் என்று நண்பர்கள் முடிவெடுக்கிறார்கள். கஞ்சா வளர்ப்பவர்களுக்குப் பின்னால் இருக்கும் முதலாளி ரோரி பிரேக்கர் என்ற கொடூரன் என்பது இவர்களுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. கொள்ளையடித்த கஞ்சாவை நண்பர்கள் இடைத்தரகன் நிக் வழியாக விற்கப் பார்ப்பது அந்த ரோரியிடமே. தன் சரக்கே தன்னிடம் விலைக்கு வருவதை ரோரி கண்டுகொள்ளும் இடத்திலிருந்து படம் ரத்தக்களரியாகிறது.

இவை எல்லாவற்றினூடேயும் இரண்டு பழைய வேட்டைத் துப்பாக்கிகள் கைமாறிக்கொண்டே போகின்றன. இந்தத் துப்பாக்கிகளின் பயணத்தைத் தனியாகத் தொடர்ந்து பார்த்தால் படத்தின் எலும்புக்கூடு முழுதும் தெரியும். திவாலான ஒரு பிரபுவின் மாளிகையில் அவை இருப்பது ஹாரிக்குத் தெரிகிறது. திருடி வரும்படி பாரியிடம் சொல்கிறான். பாரி வடக்கிலிருந்து வந்த இரண்டு அரைகுறைத் திருடர்களை அமர்த்துகிறான். திருட வேண்டிய பொருளின் மதிப்பை அவர்களிடம் சொல்லவில்லை; சொன்னால் அவர்களே வைத்துக்கொள்வார்கள் அல்லவா? மதிப்பு தெரியாததால் அவர்கள் அந்த ஜோடியைச் சில்லறை விலைக்கு நிக்கிடம் தள்ளிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டைக் கொள்ளையடிக்க ஆயுதம் தேடும் நண்பர்களுக்கு நிக் அதையே விற்கிறான். பல லட்சம் பவுண்டு பெறும் பொருளைப் பயமுறுத்தும் கருவியாக மட்டும் பயன்படுத்துகிறார்கள் நண்பர்கள். அவர்களிடமிருந்து டாக், டாக்கிடமிருந்து ஹாரியின் வசூல்காரன் பிக் கிறிஸ், கிறிஸிடமிருந்து ஹாரி. கடைசியில் ஹாரியைத் தேடி அந்த வடக்கத்தித் திருடர்கள் வந்து சேர, யார் எதற்காக வந்தார் என்பது தெரியாமலேயே ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் மாயம் இல்லை. தெய்வச் செயல் இல்லை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நல்ல காரணம் இருக்கிறது: பேராசை, அவசரம், பயம், கஞ்சத்தனம். ஒவ்வொருவரும் தன் காரணத்தை மட்டும் அறிவார். பக்கத்தில் இருப்பவரின் காரணத்தை அறியார். அந்த அறியாமையின் இடைவெளியில் விழுவதைத்தான் அவர்கள் அதிர்ஷ்டம் என்றோ துரதிர்ஷ்டம் என்றோ அழைக்கிறார்கள். பார்வையாளராகிய நமக்கு எல்லாக் கதைகளும் தெரியும். ஆகவே நமக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிவதில்லை, கணக்காகத் தெரிகிறது. நாம் சிரிப்பது அந்த உயரத்தில் நின்றுகொண்டுதான்.

இதைத் தத்துவத்தில் முதலில் தெளிவாக வகுத்தவர் அரிஸ்டாட்டில். 'இயற்பியல்' நூலின் இரண்டாம் பகுதியில் தற்செயலைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அவர் தரும் எடுத்துக்காட்டு நம் படத்துக்காகவே சொன்னதைப் போல இருக்கும். ஒருவன் வேறு ஏதோ வேலையாகச் சந்தைக்குப் போகிறான். அங்கே, தனக்குப் பணம் தரவேண்டிய ஆளைச் சந்திக்கிறான். கடன் வசூலாகிறது. அவன் வசூலுக்காகப் போகவில்லை. ஆனால் அந்த ஆள் அங்கே இருப்பான் என்று தெரிந்திருந்தால் அதற்காகவே போயிருப்பான். நோக்கமுள்ள ஒரு செயல், தான் நோக்காத ஆனால் நோக்கியிருக்கக்கூடிய பலனைத் தருவதுதான் அதிர்ஷ்டம். காரணமில்லாமல் நடப்பது அதிர்ஷ்டம் என்று அவர் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது, அந்தப் பலனுக்கான காரணமாக அது இல்லை, அவ்வளவே. 1843இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் குர்னோ இதே எண்ணத்தை இன்னும் கூர்மையாக்கினார். ஒன்றையொன்று சாராத இரண்டு காரணத் தொடர்கள் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்வதே தற்செயல் என்றார் அவர். பல கதைகள் வெட்டிக்கொள்ளும் திரைக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடையாது. குர்னோவின் சூத்திரத்தை 107 நிமிடப் படமாக நீட்டினால் கிடைப்பது 'லாக் ஸ்டாக்'.

1998 என்ற ஆண்டே இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் டாம் டிக்வரின் 'ரன் லோலா ரன்', பிரிட்டனில் 'ஸ்லைடிங் டோர்ஸ்', இரண்டும் அதே ஆண்டுதான். லோலாவுக்கு 20 நிமிடத்தில் 1,00,000 மார்க் வேண்டும். ஒரே ஓட்டம் மூன்று முறை நிகழ்கிறது, ஒவ்வொரு முறையும் சில நொடி வித்தியாசத்தில் முடிவு மாறுகிறது. இந்த வகைக்கு மூத்த படம் போலந்து இயக்குநர் கீஷ்லோவ்ஸ்கியின் 'பிளைண்ட் சான்ஸ்'. 1981இல் எடுக்கப்பட்டு, அங்கே ராணுவச் சட்டம் வந்ததால் முடக்கப்பட்டு, 1987இல்தான் வெளிவந்தது. ரயிலைப் பிடித்தானா தவறவிட்டானா என்பதைப் பொறுத்து ஒரே இளைஞன் கட்சிக்காரனாகவோ எதிர்ப்பாளனாகவோ இரண்டிலும் சேராதவனாகவோ ஆகிறான்.

இவை கிளைபிரியும் கதைகள். ஒரு மனிதர், பல வாழ்க்கைகள். ரிச்சியின் படம் குறுக்கிடும் கதை. ஒரே வாழ்க்கைதான், பல மனிதர்கள். வித்தியாசம் வடிவத்தோடு நிற்பதில்லை. கிளைபிரியும் கதையில் அதிர்ஷ்டம் ஒருவரின் சொந்த விவகாரம்: எனக்கு இப்படி நடந்திருந்தால்? குறுக்கிடும் கதையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. என் கைக்கு வந்தது இன்னொருவர் கையிலிருந்து போனது. நண்பர்களின் நல்ல நேரம் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரனின் கெட்ட நேரம். படத்தில் பணமும் கஞ்சாவும் துப்பாக்கியும் புதிதாக உற்பத்தியாவதே இல்லை, இடம் மாறுகின்றன. அதிர்ஷ்டத்தை ஒரு சமூக உறவாகக் காட்ட முடிவது குறுக்கிடும் வடிவத்தால் மட்டுமே. அதனால்தான் கிளைபிரியும் படங்களைவிட இந்த வடிவத்தை நான் உயர்வாக மதிக்கிறேன், கீஷ்லோவ்ஸ்கியின் மேதைமையை முழுதும் ஒப்புக்கொண்டே.

இந்த வடிவத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அது காசில்லாதவர்களின் வடிவம். ஒரே நாயகன் படம் முழுதும் வர வேண்டும் என்றால் மக்கள் அறிந்த நட்சத்திரம் வேண்டும். அவர் தரும் நாள்களுக்குப் பணம் வேண்டும். கதையை இருபது பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் யாரும் சில நாள் வந்தால் போதும். ஒருவர் நடிப்புச் சுமாராக இருந்தாலும் அடுத்த காட்சி காப்பாற்றிவிடும். ஒரு வீடு, ஒரு மதுக்கூடம், ஒரு கஞ்சா அறை, ஓர் அலுவலகம் என நான்கைந்து இடங்களுக்குள் சுற்றிச் சுற்றி எடுக்கலாம். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் சுமார் 23,000 டாலரில் ஆஸ்டின் நகரத் தெருக்களில் எடுத்த 'ஸ்லாக்கர்' ஒரு நாளில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே போகும் படம். நாயகன் என்று யாரும் கிடையாது. ஜிம் ஜார்முஷின் 'மிஸ்டரி ட்ரெயின்' மெம்ஃபிஸ் நகரில் ஒரே விடுதியில் ஒரே இரவில் தங்கும் மூன்று தரப்பினரின் கதை. மூன்றிலும் ஒரே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பது மூன்றாம் கதையில்தான் தெரிகிறது. ஒரு சத்தத்தைக் கொண்டு மூன்று கதைகளை முடிச்சுப்போட ஜார்முஷுக்குத் தேவைப்பட்டது பணமல்ல, ஒலிப்பதிவும் பொறுமையும்தான்.

ரிச்சி இந்தச் சிக்கனத்தை ஒரு தோரணையாகவே மாற்றினார். ஒளிப்பதிவாளர் டிம் மாரிஸ் ஜோன்ஸ் படம் முழுவதையும் பழுப்பு மஞ்சளில் தோய்த்தெடுத்தார். இடங்களின் ஏழ்மை அந்த நிறத்துக்குள் அடங்கி ஓர் உலகமாகிவிடுகிறது. இசைக் காணொளிகள் எடுத்துப் பழகியவர் என்பதால் வேகத்தை மாற்றுவதும் சட்டகத்தை உறையவைப்பதும் ரிச்சிக்குக் கைவந்த வித்தை. ஒரு காட்சியில் பேச்சு முழுவதும் லண்டன் தெருக்களின் எதுகைக் கொச்சையில் நடக்கிறது, ஆங்கிலப் படத்துக்கே ஆங்கிலத்தில் துணைவசனம் ஓடுகிறது. செலவில்லாத நகைச்சுவை அது. அதோடு, ஒரே ஊரில் வாழ்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் வாழ்வதையும் காட்டிவிடுகிறது.

நடிகர் தேர்வில்தான் படத்தின் துணிச்சல் முழுதாகத் தெரிகிறது. தெருவில் நகையும் சென்ட்டும் விற்றவரும், 1990 காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காக நீச்சல்குளப் பாய்ச்சலில் கலந்துகொண்டவருமான ஜேசன் ஸ்டேதமுக்கு இதுதான் முதல் படம். படத் தொடக்கத்தில் அவர் தெருவில் கூவி விற்கும் காட்சியில் நடிப்புக்கும் பழக்கத்துக்கும் எல்லை எது என்று சொல்ல முடியாது. வசூல்காரன் பிக் கிறிஸாக வரும் வின்னி ஜோன்ஸ் ஆடுகளத்து முரட்டுத்தனத்துக்குப் பேர்போன கால்பந்து வீரர்; 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியில் ஆடியவர். தன் சிறு மகனைக் கூடவே அழைத்துக்கொண்டு வசூலுக்குப் போவதும், மகன் கெட்ட வார்த்தை பேசினால் கண்டிப்பதுமாக அவர் செய்திருக்கும் பாத்திரம் படத்தில் மிகவும் மனிதத்தன்மை கொண்டது. பாரியாக நடித்த லெனி மக்லீன் உண்மையிலேயே கையுறையில்லாச் சண்டைகளில் புகழ்பெற்றவர். படம் திரைக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது, 1998 ஜூலை இறுதியில், புற்றுநோயால் இறந்துபோனார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

படம் எப்படி உருவாயிற்று என்ற கதையையும் பலர் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். ரிச்சி 1995இல் 'தி ஹார்ட் கேஸ்' என்ற குறும்படம் எடுத்தார், அதிலும் சீட்டாட்டம்தான். அதைப் பார்த்த ட்ரூடி ஸ்டைலர் முதலீட்டுக்கு முன்வந்தார். அவர் கணவர் பாடகர் ஸ்டிங், எடியின் அப்பாவாக நடித்தார். பிரிட்டனில் படம் பெருவெற்றி பெற்றது. அமெரிக்காவில் 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை என்றாலும் அங்கே பெயர் வாங்கித் தந்தது. வேலையில்லாத இளைஞன் ஒருவன் கையில் குறும்படத்தோடு நட்சத்திரத்தின் கண்ணில் பட்டுவிட்டான் என்று இதைச் சுருக்கிச் சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும். படமே நமக்குக் கற்றுத்தரும் கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும்: மேசைக்குக் கீழே என்ன இருந்தது?

ரிச்சியின் தாய் மறுமணம் செய்துகொண்டது சர் மைக்கேல் லெய்டன் என்ற பாரோனெட்டை. ரிச்சியின் இளமையின் ஒரு பகுதி ஷ்ராப்ஷயரில் உள்ள லோட்டன் பார்க் என்ற மாளிகையில் கழிந்தது. மாத்யூ வானும் வசதியான சூழலில் வளர்ந்தவர். பிரபுக்களின் மாளிகையில் துப்பாக்கி அலமாரி எப்படி இருக்கும் என்பது ரிச்சிக்குக் கேள்விஞானம் அல்ல என்று ஊகிக்கலாம். கிழக்கு லண்டன் தெருக்களைத்தான் அவர் வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டார். இதைச் சொல்வது அவர் திறமையைக் குறைக்க அல்ல. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர், எடுபிடி வேலையிலிருந்து தொடங்கியவர் என்பதும் உண்மைதான். ஆனால் சரியான ஆளைச் சந்திக்கும் சந்தைக்குப் போக எல்லாருக்கும் வழி தெரிவதில்லை. அரிஸ்டாட்டிலின் மனிதன் சந்தைக்குப் போனதால்தான் கடனாளியைச் சந்தித்தான். ஸ்டேதமின் கதையே உண்மையில் அதிர்ஷ்டக் கதை. சென்ட் விற்றுக்கொண்டிருந்த அவர் அந்தச் சந்தையில் நுழைய எந்த உறவும் பரம்பரையும் உதவவில்லை.

ஆங்கில நகைச்சுவைக்குள் இந்தப் படத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அதை மறந்துவிட்டுத்தான் டாரன்டினோவைப் பற்றியே பேசுகிறார்கள். ஈலிங் ஸ்டுடியோ 1955இல் எடுத்த 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் கொள்ளையர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்க்க, 60,000 பவுண்டும் ஒன்றுமறியாத கிழவியிடமே தங்கிவிடுகிறது. 1969இன் 'தி இத்தாலியன் ஜாப்' பேருந்து மலை விளிம்பில் பாதி அந்தரத்தில் ஆட, ஒரு முனையில் தங்கமும் மறுமுனையில் கொள்ளையருமாக முடிகிறது. அமெரிக்காவில் குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) படத்தில் விமான நிலையத்தில் பெட்டி திறந்துகொண்டு பணம் காற்றில் பறக்கிறது. ரிச்சியின் கடைசிக் காட்சி இந்த வரிசையில் சேருகிறது. தடயத்தை அழிக்கத் துப்பாக்கிகளை ஆற்றில் எறியும்படி நால்வரில் ஒருவனான டாமை அனுப்புகிறார்கள். அவன் போன பிறகு பிக் கிறிஸ் வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பையில் பணம் இல்லை, பழம்பொருள் விலைப்பட்டியல் இருக்கிறது. அதில் அந்தத் துப்பாக்கிகளின் படமும் விலையும். எல்லாரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுக்க, டாமோ பாலத்தின் விளிம்பில் சிக்கிய துப்பாக்கிகளைத் தள்ளிவிடத் தலைகீழாகக் குனிந்து, அலறும் கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தொங்குகிறான். சட்டகம் உறைகிறது.

முந்தைய படங்களிலிருந்து இதை வேறுபடுத்துவது அந்த விலைப்பட்டியல்தான். 'தி கில்லிங்'கில் பணத்தைப் பறக்கவிடுவது காற்று. 'லேடிகில்லர்ஸ்' கிழவிக்குப் பணம் தங்கக் காரணம் அவள் வெகுளித்தனம். இங்கே நண்பர்களுக்குக் கிடைப்பது ஒரு தகவல். படம் முழுக்க ஹாரியிடம் மட்டும் இருந்த அறிவு, பொருளின் விலை என்ற அறிவு, முதல்முறையாக அவர்கள் கைக்கு வருகிறது, ஒரு தொலைபேசி அழைப்பு தாமதமாக. கிறிஸுக்கு இதில் பங்கு கேட்கத் தோன்றவில்லை. பணத்தை அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டான். விலை தெரிந்தவன் விலை தெரியாதவனிடம் செய்யும் வியாபாரமே இந்த உலகின் அடிப்படை என்று நிறுவிவிட்டு, அந்த அறிவைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் ரிச்சி நிறுத்துகிறார்.

காலச் சூழலையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசிய லாட்டரி முதல் குலுக்கலை நடத்தியது 1994 நவம்பர் 19 அன்று. அன்று 49 எண்ணில் ஆறைச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது; முதல் பரிசுக்கான வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்றாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி பிரிட்டிஷ் சினிமாவுக்கே முதலீடாயிற்று. சாதாரண மக்கள் சீட்டு வாங்கித் தோற்ற பணத்தில் படங்கள் எடுக்கப்பட்ட காலம் அது. 'லாக் ஸ்டாக்' வந்த அதே 1998இல் லாட்டரி வென்ற அதிர்ச்சியில் இறந்துபோனவரின் பரிசை ஓர் ஐரிஷ் கிராமமே சேர்ந்து வாங்கும் 'வேக்கிங் நெட்' வந்தது. அருமையான, அன்பான படம். அதில் அதிர்ஷ்டம் வானத்திலிருந்து விழுகிறது, ஊர் அதைப் பங்கிட்டுக்கொள்கிறது. ரிச்சியின் லண்டனில் பங்கிட ஊர் இல்லை. மெல்லிய சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதே ஒட்டுக்கேட்டால்தான் தெரியும்.

படத்தின் குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெண்கள் இந்த உலகில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குறிப்பிடத்தக்க ஒரே பெண், கஞ்சா வீட்டு நாற்காலியில் போதையில் உணர்விழந்து கிடக்கும் குளோரியா. எல்லாரும் மறந்துவிட்ட பிறகு எழுந்து பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறாள். நல்ல காட்சிதான், ஆனால் தட்டுமுட்டுச் சாமானாக வைக்கப்பட்டதால்தான் அது வேடிக்கையாகிறது. சாவுகளும் பெரும்பாலும் கணக்கு முடிக்கும் வழியாகவே வருகின்றன. போலீஸ் நண்பர்களை விடுவிப்பதற்குக் காரணம், கொள்ளையர்களின் வண்டியில் அடிபட்டுக் கிடந்த போக்குவரத்துக் காவலர் செத்தவர்களைக் குற்றவாளிகள் என்று அடையாளம் காட்டுவது. செத்தவர்கள் மறுத்துப் பேச முடியாது. உயிரோடு இருப்பவர்களின் அதிர்ஷ்டம் இவ்வளவு பிணங்களின் மேல் நிற்பதைப் படம் ஒரு கணம்கூட நின்று பார்ப்பதில்லை. நின்றிருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

வெற்றியைப் பார்த்து அடுத்த மூன்று ஆண்டுகளில் பிரிட்டனில் குற்ற நகைச்சுவைகள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை. அவற்றின் இயக்குநர்கள் எடுத்துக்கொண்டது கொச்சை மொழியையும் துப்பாக்கியையும் பழுப்பு நிறத்தையும். திருட்டுச் சீட்டாட்டத்தில் தொடங்கிய கட்டமைப்பை எடுத்துக்கொள்ளவில்லை. ரிச்சி மட்டும் அதை மறக்கவில்லை. 2000இல் பல மடங்கு செலவில் அவர் எடுத்த 'ஸ்னாட்ச்' படமும் முன்கூட்டியே முடிவு பேசப்பட்ட குத்துச்சண்டைகளைச் சுற்றித்தான் நகர்கிறது. அங்கே தோற்க வேண்டும் என்று சொல்லப்பட்டவன் தோற்க மறுக்கிறான்.

இந்தியாவுக்கு இந்தக் கதை 2006இல் நீரஜ் வோரா இயக்கிய 'ஃபிர் ஹேரா ஃபேரி' வழியாக வந்தது. பழம்பொருள் துப்பாக்கிகள், கொள்ளையரிடம் கொள்ளை, பாலத்தில் துப்பாக்கிகளோடு தொங்கும் நாயகர்களில் ஒருவனான ராஜு, அலறும் கைபேசி என எல்லாமே ரிச்சியிடமிருந்து எடுத்தவை. அனுமதி, நன்றி பற்றிய விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படம் செய்த ஒரு மாற்றம் மூலத்தைவிட நம் மண்ணுக்கு நெருக்கமானது. நாயகர்கள் மூவரும் பணத்தை இழப்பது சீட்டு மேசையில் அல்ல, 21 நாளில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லும் சிட் ஃபண்டில். சூதாட்டக்காரனின் இடத்தில் அலுவலகமும் ரசீதும் சிரித்த முகமுள்ள பெண்ணும். ஹாரியின் கேமராவுக்கு இணையான திருட்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

லாட்டரிச் சீட்டை 2003இல் தடைசெய்த தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தின் பொருள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈமு கோழிப் பண்ணையிலும் தீபாவளி நகைச் சீட்டிலும் மாத வட்டித் திட்டங்களிலும் பணத்தைப் போட்டுவிட்டுக் காவல் நிலைய வாசலில் புகார் மனுவோடு நிற்பவர்கள், கேட்டால், தங்கள் ராசியையும் கிரகத்தையும் சொல்வார்கள். அவர்கள் பணம் எந்த நாளில் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்பது ஒருவருக்கு முன்பே தெரியும். அந்த ஒருவரைப் பற்றித் தமிழில் இப்படியொரு குறுக்குவெட்டு நகைச்சுவைப் படம், குறைந்த செலவில், தெரு நடிகர்களோடு, இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டும்.